வீடு வாங்கும் வாடகை

2011 டிசம்பர் 30 காலை எட்டு மணிக்கு, குடையும் இல்லாமல் செருப்பும் இல்லாமல், நான் வாடகைக்கு விட்டிருந்த வீட்டு வாசலில் நின்றேன். தானே புயல் அன்று அதிகாலைதான் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்திருந்தது. குடையைத் தெருமுனையிலேயே காற்று பிடுங்கிக்கொண்டது. செருப்பு, சாலையை அடைத்து விழுந்திருந்த வேப்பமரத்தைத் தாண்டும்போது போயிற்று. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் பத்தடி நீளம் பெயர்ந்து பின்கட்டு ஓட்டின் மேல் விழுந்திருந்தது. மாடியில் இருந்த தண்ணீர் டேங்க் பக்கத்து வீட்டு முற்றத்தில் கவிழ்ந்து கிடந்தது.

பின்கட்டில் ஒரு இளம் தம்பதி கைக்குழந்தையோடு குடியிருந்தார்கள். இரவு இரண்டு மணிக்கே முன்கட்டு டீச்சரம்மா கதவைத் தட்டி அவர்களைத் தன் வீட்டுக்குள் அழைத்துக்கொண்டிருக்கிறார். அதனால்தான் இன்றைக்கு நான் ஓடு உடைந்த கதையை மட்டும் எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்தத் தம்பி என்னிடம் கோபப்படவே இல்லை. "அண்ணே, குழந்தைய வச்சுக்கிட்டு இனிமே இங்க இருக்க முடியாது. மாமனார் வீட்டுக்குப் போறோம். அட்வான்ஸ மட்டும் குடுத்துடுங்க" என்றார்.

30,000 ரூபாய். என் சட்டைப் பையில் இருந்தது நானூற்றுச் சொச்சம். கரண்ட் இல்லாததால் ஏ.டி.எம். முடங்கியிருந்தது. இயங்கியிருந்தாலும் என் கணக்கில் எடுப்பதற்கு எதுவும் இல்லை.

அந்தப் பணம் எங்கே போயிற்று என்பதைச் சொல்ல இன்றும் எனக்குக் கூச்சம். 2010இல் அந்த வீட்டை வாங்கினேன். புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, திண்ணையும் முற்றமும் தாழ்வாரமும் உள்ள பழைய வீடு. விற்றவர்கள் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து பிரான்ஸிலேயே தங்கிவிட்ட குடும்பம். எங்கள் ஊரில் 'சொல்தா குடும்பம்' என்போம். சேமிப்பு, மனைவியின் நகை, வங்கிக் கடன் எல்லாம் சேர்த்துக் கட்டியும் பத்திரச் செலவுக்குத் துண்டு விழுந்தது. இரண்டு போர்ஷனிலும் ஆள் வைத்து, வாங்கிய அட்வான்ஸால் அந்தத் துண்டை அடைத்தேன். 'காலி பண்ணும்போதுதானே கேட்பார்கள், அப்போது அடுத்து வருபவரின் அட்வான்ஸை வாங்கிக் கொடுத்துவிடலாம்' என்பது என் கணக்கு. நான் தொழிலால் கணக்கெழுதுபவன். கூட்டுறவுச் சங்கத்தில் யாராவது டெபாசிட் பணத்தை வருமானப் பக்கத்தில் எழுதினால் ஆடிட்டர் என்ன சொல்வார் என்பது எனக்குத் தெரியும். சொந்த வீட்டில் அதையே செய்திருந்தேன்.

மனைவியிடம் மிஞ்சியிருந்த ஒரே சங்கிலியை அடகு வைத்து, புத்தாண்டு கழிந்த மூன்றாம் நாள் அந்தத் தம்பியிடம் பணத்தைக் கொடுத்தேன். சுவரைப் பார்க்க ஒரு வயதான மேஸ்திரி வந்தார். இடிந்து விழுந்த சுவரின் அடியில் கிடந்த மண்ணைக் காலால் கிளறி, உள்ளே ஓடியிருந்த அரசங்கன்றின் வேரை எடுத்துக் காட்டினார். விரல் கனத்துக்கு இருந்தது. புயலுக்கு முன்பே சுவரை அது பிளந்துவிட்டிருக்கிறது.

"தம்பி, வீடும் வாடகை வாங்கும். மாசாமாசம் நீ குடுத்தா சில்லறையா வாங்கிக்கும். குடுக்கலைன்னா சேத்து வச்சு ஒரே நாள்ல மொத்தமா வாங்கிக்கும்."

வாடகைத் தொழிலைப் பற்றி நான் கற்றதெல்லாம் இந்த வாக்கியத்துக்கு எழுதிய உரைதான்.

அன்று இரவு பழைய நோட்டை எடுத்துக் கணக்கை மறுபடி போட்டேன். இரண்டு போர்ஷனும் சேர்த்து வாடகை 8,000. வங்கித் தவணை 5,200. மீதி 2,800ஐ இரண்டு வருடமாக லாபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது வாடகையில் கால் பங்கை, அதாவது 2,000 ரூபாயை, 'வீடு' என்று தலைப்பிட்டுத் தனியே எழுதினேன். எனக்கு மிஞ்சியது 800 ரூபாய். பத்து லட்சத்துக்கு மேல் போட்டவனுக்கு மாதம் 800. வாங்குவதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் ஒருவேளை வாங்கியிருக்க மாட்டேன். ஆனால் அதுதான் உண்மையான எண். அந்த எண்ணோடு வாழப் பழகிய பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

கால் பங்கு என்பது வேதவாக்கு இல்லை. புது வீட்டுக்கு அதில் பாதி போதும், நூறு வருட வீட்டுக்கு அதுவும் போதாது. புதிதாக வருபவர்களிடம் நான் சொல்வது வேறு வழி. உங்கள் வீட்டில் ஒரே நாளில் போகக்கூடிய பொருள்களில் எதற்குச் செலவு அதிகம் என்று பாருங்கள். பழைய வீட்டில் அது மச்சின், அதாவது மேல்தளத்தின், ஒரு பகுதி. புது வீட்டில் போர் மோட்டாரும் வயரிங்கும். அந்தத் தொகையோடு மூன்று மாதத் தவணையைச் சேருங்கள். அந்தப் பணம் கையில் இல்லாமல் முதல் வாடகைக்காரருக்குச் சாவி கொடுக்காதீர்கள். அட்வான்ஸ் இந்தக் கணக்கிலேயே வராது. அது அடுத்தவர் பணம். நான் அதை வேறு வங்கியில், குடியிருப்பவரின் பெயரை நோட்டில் குறித்து, டெபாசிட்டாகப் போட்டு வைக்கிறேன். வேறு வங்கி என்பது என்னிடமிருந்து அதைக் காப்பாற்றத்தான்.

போக்கியத்துக்கு விடுகிறவர்களுக்கு இது இன்னும் கூர்மையாகப் பொருந்தும். மாதவாடகை இல்லாமல் மூன்று லட்சமோ ஐந்து லட்சமோ ஒரே தொகையாக வாங்கிக்கொண்டு, கெடு முடிந்ததும் முழுதாகத் திருப்பித் தருவது போக்கியம். கடனை அடைக்க வழி தேடும் புது உரிமையாளருக்கு அது வரமாகத் தெரியும். ஆனால் கெடு முடியும் வரை வீட்டுக்கு வாடகை வராது, ரிப்பேர் மட்டும் வரும். கெடு முடிகிற மாதத்தில் ஐந்து லட்சம் புரட்ட வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் போக்கியப் பணத்தில் மகளின் கல்யாணத்தை முடித்து, கெடு வந்தபோது வீட்டையே விற்றார்.

மேஸ்திரி சொன்னதை நான் பாதிதான் கேட்டிருந்தேன். மீதியைக் கேட்க வைத்தது ஊருக்கே தெரிந்த ஒரு கட்டடம். 2014 நவம்பர் 29 அன்று, கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டடம் அடைமழையில் இடிந்து விழுந்தது. பிரெஞ்சுக்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய நகர மன்றம் அது. எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள் புழங்கிய இடம். நம் கண்ணுக்கு மலைபோல நின்றது ஒரு பிற்பகலில் செங்கல் குவியலானது. பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டி 2021இல் திறந்தார்கள். அரசாங்கத்தால் ஆறு வருடத்துக்கு மேல் காத்திருந்து திரும்பக் கட்ட முடிந்தது. என்னால் முடியாது.

மேரி இடிந்த மறுநாளே மேஸ்திரியை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். எங்கள் ஊர்ப் பழைய வீடுகளின் மச்சு எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தேக்கு உத்திரங்களின் மேல் குறுக்குக் கட்டைகள், அவற்றின் மேல் செங்கலைக் குத்துக்கல்லாக நிறுத்திச் சுண்ணாம்பில் பிடித்த தளம். இதைத்தான் மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். சுண்ணாம்பு மூச்சு விடும் பூச்சு, ஈரத்தை வாங்கி வெயிலில் விட்டுவிடும். எனக்கு முன் இருந்தவர்கள் ஒழுகலை நிறுத்த அதன் மேல் சிமென்ட் பூசியிருந்தார்கள். ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு, கட்டையின் நுனி சுவருக்குள் நுழையும் இடத்தில் மக்கத் தொடங்கியிருந்தது. கீழிருந்து பார்த்தால் கட்டை நன்றாகத்தான் தெரிந்தது. மேஸ்திரி ஏணி வைத்து ஏறி, சுவரை ஒட்டி ஒவ்வொரு கட்டையையும் சுத்தியல் பிடியால் தட்டினார். நல்ல தேக்கு 'ணங்' என்றது. முற்றத்துப் பக்கம் இரண்டு கட்டைகள் 'தொப்' என்றன. அவற்றின் அடியில்தான் டீச்சரம்மாவின் கட்டில் இருந்தது.

அந்த வாரமே முட்டுக் கொடுத்தோம். தை மாதம் கட்டையை மாற்றி, சிமென்டைக் கொத்தி எடுத்து, மறுபடி சுண்ணாம்பில் தளம் போட்டோம். வீட்டுப் பங்கில் அதுவரை சேர்ந்திருந்த பணம் முழுவதும் போய் மேலும் 20,000 கைமாற்று வாங்கினேன். வருத்தப்படவில்லை. அடகுக் கடைக்குப் போகாமல் முடிந்ததே என்றிருந்தது.

அன்று தொடங்கி ஒவ்வொரு புரட்டாசியிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறேன். எங்களுக்கு மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான். அதற்கு முன் மாடித் தண்ணீர் இறங்கும் தூம்பு அடைத்திருக்கிறதா, சுவரில் அரசோ ஆலோ முளைவிட்டிருக்கிறதா, டேங்கைக் கம்பியால் கட்டியிருக்கிறதா, தென்னையில் காய்ந்த மட்டை தொங்குகிறதா, சம்ப் மூடி இறுகுகிறதா, மீட்டர் பெட்டிக்குள் பல்லி புகுந்திருக்கிறதா என்று பார்ப்பேன். அரசங்கன்றை மேலே கிள்ளினால் போதாது. வேரோடு எடுத்துப் பொந்தைச் சுண்ணாம்பால் அடைக்க வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஆகும் செலவு, கூட வரும் ஆளின் கூலியும் ஆளுக்கொரு காபியும்தான்.

பழைய வீடு என்பதால்தான் இத்தனை பாடு என்று நினைத்து, 2017இல் ரெயின்போ நகரை ஒட்டி ஒரு காங்கிரீட் வீட்டை வாங்கினேன். அது என் அறியாமை. புது வீட்டுக்கும் ஆபத்து உண்டு. 2024 ஜனவரியில் புதுச்சேரி ஆட்டுப்பட்டியில், வாய்க்கால் பணி நடந்துகொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில், புதிதாகக் கட்டி இன்னும் குடிபுகாத மாடிவீடு ஒன்று அப்படியே சாய்ந்து விழுந்தது. அதை வீடியோவில் பார்த்த எல்லோருமே அன்றைக்குத் தங்கள் வீட்டுச் சுவரை ஒருமுறை தடவிப் பார்த்திருப்பார்கள். பழைய வீட்டுக்கு ஆபத்து மேலிருந்து வருகிறது என்றால், என் புது வீட்டுக்கு அது கீழிருந்து வந்தது. வாங்கியது கோடையில். தெரு மேட்டையும் வீட்டின் தரைமட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. பக்கத்துச் சுவர்களில் முழங்கால் உயரத்தில் ஓடிய பழுப்புக் கோட்டை அழுக்கு என்று நினைத்தேன். அந்தக் கோடு அந்தத் தெரு எழுதி வைத்திருந்த மழைக் கணக்கு. வாடகைக்கு விட வீடு பார்ப்பவர்கள் கார்த்திகை மாதத்தில் போய்ப் பாருங்கள். சித்திரையில் எல்லாத் தெருவும் அழகாகத்தான் இருக்கும்.

அவசரம் என்றால் மழை, புயல், மோட்டார் என்றே பழகியிருந்த எனக்கு 2020 மார்ச் மாதம் வேறொன்றைக் காட்டியது. ஊரடங்கு வந்ததும் புதுச்சேரியின் விடுதிகளும் உணவகங்களும் ஒரே இரவில் மூடின. புது வீட்டு மாடியில் உணவகச் சமையல்காரர் ஒருவர் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு இருந்தார். ஏப்ரல் ஐந்தாம் தேதி அவரே போன் செய்தார். "சார், சம்பளம் வரல. எப்ப வரும்னும் தெரியல." மத்திய உள்துறை அமைச்சகம் மார்ச் 29 அன்றே, தொழிலாளர்களிடம் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கக் கூடாது, காலி செய்யச் சொல்லி வற்புறுத்தினால் நடவடிக்கை என்று உத்தரவிட்டிருந்தது. உத்தரவு ஒரு மாதத்துக்கு. அவருடைய வேலை திரும்பி வர ஏழு மாதம் ஆயிற்று.

அந்த ஏழு மாதமும் என் வங்கித் தவணை நிற்கவில்லை. வங்கிகள் தவணையைத் தள்ளிப்போட வாய்ப்புக் கொடுத்தன. ஆனால் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்து, நான் அதை எடுத்துக்கொள்ளவில்லை. காலிமாதங்களுக்கென்று ஒதுக்கிய பணத்திலிருந்து கட்டினேன். அவரோடு ஒரு தாளில் எழுதிக்கொண்டோம். வேலை இல்லாத வரை பாதி வாடகை, மீதிப் பாதியில் ஒரு பங்கைத் தள்ளுபடி செய்வது, மற்றதை வேலை கிடைத்த பிறகு மாதம் ஆயிரமாகத் தருவது. "அவரைக் காலி செய்யச் சொல்லு, வேறு ஆள் வரும்" என்றார்கள். அந்தக் கோடையில் யார் வீடு மாறுவார்கள்? காலியான வீடு என்றால் வாடகை முழுதும் போய், வெள்ளையடிக்கும் செலவும் சேரும். இரக்கத்தால் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் கூட்டிக் கழித்துத்தான் செய்தேன். அவர் கடைசி ஆயிரத்தை 2022இல் கொடுத்தார். இன்றைக்கும் அதே வீட்டில் இருக்கிறார்.

2024 ஜூன் 11ஐ நான் மறக்க மாட்டேன். ரெட்டியார்பாளையம் புதுநகரில் பாதாளச் சாக்கடையிலிருந்து கிளம்பிய விஷவாயு கழிவறை வழியாக வீடுகளுக்குள் புகுந்து மூன்று பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருத்தி பள்ளி மாணவி. செய்தி கேட்ட மாலையே ஒரு பிளம்பரோடு இரண்டு வீடுகளுக்கும் போனேன். கழிவறைக் கோப்பைக்குக் கீழே வளைந்திருக்கும் குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீர்தான் சாக்கடைக்கும் வீட்டுக்கும் நடுவே நிற்கும் கதவு. குளியலறைத் தரையில் நஹானி டிராப் அதே வேலையைச் செய்கிறது. என் பழைய வீட்டின் பின்கட்டுக் குளியலறையில் அப்படி ஒன்று இல்லவே இல்லை, நேர்க்குழாய். இன்னோர் இடத்தில், மூன்று மாதமாகப் பூட்டியிருந்த அறையின் டிராப்பில் தண்ணீர் வற்றிக் காய்ந்திருந்தது. புகைபோக்கி போல மேலே போகவேண்டிய காற்றுக்குழாயின் வாயைக் காக்கைக்கூடு அடைத்திருந்தது. எல்லாவற்றையும் சரிசெய்ய 4,000 ரூபாய்க்குள்தான் ஆனது. பதினான்கு வருடம் அந்தக் குளியலறைக்கு வாடகை வாங்கியிருக்கிறேன். வீடு காலியாக இருந்தாலும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை போய் ஒவ்வொரு டிராப்பிலும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறேன்.

பிறகு ஃபெஞ்சல் வந்தது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரை கடந்த புயல், நகராமல் எங்கள் தலைமேலேயே நின்று பெய்தது. 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்குக் குறையாத மழை. எங்கள் ஊரில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதில் மூன்றில் ஒரு பங்கு அது. கிருஷ்ணா நகரில் ஐந்தடி வரை தண்ணீர் ஏறி, ராணுவம் படகோடு வந்து மக்களை மீட்டது. முத்தியால்பேட்டையில் இருக்கும் என் வீட்டிலிருந்து ரெயின்போ நகர் நல்ல நாளில் பத்து நிமிடம்கூட ஆகாது. அன்று என்னால் தெருவையே தாண்ட முடியவில்லை.

வீட்டுக்காரன் எவ்வளவு திட்டமிட்டாலும், அவசரம் வரும் நேரத்தில் அவன் அந்த இடத்தில் இருக்க மாட்டான். அங்கே இருப்பவர் குடியிருப்பவர்தான். தானே புயலில் டீச்சரம்மா கதவைத் தட்டினாரே, அன்றே எனக்கு இது விளங்கியிருக்க வேண்டும். நல்லவேளையாக 2020க்குப் பிறகு ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்திருந்தேன். ஒவ்வொரு போர்ஷனிலும் வாசல் கதவின் உட்புறம் ஒரு தாள், தண்ணீர் படாத உறையில். மெயின் சுவிட்ச் எங்கே, மோட்டார் சுவிட்ச் எங்கே, டேங்கிலிருந்து வரும் வால்வு எங்கே, எதை முதலில் நிறுத்த வேண்டும். எலெக்ட்ரீஷியன், பிளம்பர் எண்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர். அவசர உதவிக்கு 112, ஆம்புலன்சுக்கு 108, கேஸ் கசிந்தால் 1906, பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. கடைசி வரி இப்படி இருக்கும்: "அவசரத்தில் 3,000 ரூபாய் வரை என்னைக் கேட்காமல் செலவு செய்யலாம். ரசீதை வாங்கி வையுங்கள், வாடகையில் கழித்துக்கொள்ளலாம்."

இந்த வரியைப் பார்த்துச் சிரித்த நண்பர்கள் உண்டு. இத்தனை வருடத்தில் நான்கு முறைதான் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஒருமுறைகூட யாரும் ஏமாற்றவில்லை. ஃபெஞ்சல் இரவில் சமையல்காரர் தண்ணீர் படியேறுவதைப் பார்த்ததுமே மெயினை அணைத்துவிட்டார். கீழ்ப் போர்ஷனில் இருந்த வயதான தம்பதியை மாடிக்கு ஏற்றினார். காலையில் போன் எடுத்ததும், "சார், கீழ இடுப்பளவு தண்ணி. ஆளுங்க எல்லாரும் மேல இருக்கோம். சோறாக்கியாச்சு" என்றார். அதற்கு முந்தைய வருடம்தான் மீட்டரையும் பிளக் பாயின்டுகளையும் நாலரை அடிக்கு உயர்த்தியிருந்தேன். கரண்ட் கசிந்தால் தானாகத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் போட்டிருந்தேன். தண்ணீர் வடிந்த பிறகு எலெக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து ஒவ்வொரு லைனாகச் சோதித்த பின்தான் கரண்டைப் போட்டோம். வெள்ளம் வடிந்த வீட்டில் அவசரப்பட்டு மெயினைப் போடுவதைப் போன்ற முட்டாள்தனம் வேறில்லை.

அரசு எல்லாக் குடும்ப அட்டைக்கும் 5,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. அது குடியிருப்பவர்களுக்கு உதவியது. சுவருக்கும் தரைக்கும் யார் கொடுப்பார்கள்? இன்ஷூரன்ஸ்தான். 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியை விற்கின்றன. தீ, புயல், வெள்ளம் எல்லாம் அதில் அடங்கும். அதோடு, சேதத்தால் வீட்டில் யாரும் குடியிருக்க முடியாமல் போனால் அந்தக் காலத்து வாடகை இழப்பையும் அது ஈடுகட்டும் என்பது வாடகைக்கு விடுகிற பலருக்கே தெரியாது. வங்கிக் கடன் வாங்கும்போது கையெழுத்துப் போட்ட பாலிசி வீட்டுக்கா, உங்கள் உயிருக்கா என்று எடுத்துப் பாருங்கள். நான் பார்த்தபோது அது உயிருக்கு. நாள்பட்ட தேய்மானத்துக்குப் பணம் வராது. என் கிளெய்மில் சர்வேயர் பாதிச் சுவரை 'பழைய ஈரம்' என்று தள்ளிவிட்டார். புரட்டாசி ஞாயிற்றுக்கிழமையில் தேதியோடு எடுத்து வைத்திருந்த போட்டோக்களைக் காட்டிய பிறகு அதில் ஒரு பகுதியை ஒப்புக்கொண்டார். குடியிருப்பவரின் டிவியும் பீரோவும் உங்கள் பாலிசியில் வராது. வீட்டுப் பொருள்களுக்கு மட்டும் அவர்கள் தனியாகப் பாலிசி எடுக்கலாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். வீட்டை ஹோம்ஸ்டேயாக நடத்தினால் காப்பீட்டு நிறுவனத்திடம் அதை மறைக்காதீர்கள்.

காகிதத்தில் வரும் அவசரமும் உண்டு. எங்கள் ஊரில் வெளிநாட்டவர் வாடகைக்கு வருவது சாதாரணம். ஆராய்ச்சிக்கென்று வந்த ஒரு பெண்ணுக்கு ஒருமுறை அறை கொடுத்தேன். வெளிநாட்டவர் வந்த 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் அப்போதிருந்த 'சி' படிவத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. அந்தப் பெண்தான் கேட்டுச் சொன்னார். பதினோரு மாத ஒப்பந்தம் போட்டால் பதிவு தேவையில்லை என்பதற்காக ஒப்பந்தமே இல்லாமல் விடுவது இன்னொரு தவறு. வாடகை தராதவரைக் காலி செய்ய வைக்கத் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்துவது எல்லாவற்றிலும் பெரிய தவறு. புதுச்சேரிக்கென்று 1969ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் வழியில்தான் கேட்க வேண்டும். நீங்கள் பிடுங்கிய ஃபியூஸ் கேரியர் உங்களுக்கே எதிராகச் சாட்சி சொல்லும். பாரிஸிலோ துபாயிலோ இருந்துகொண்டு இங்கே வீடு விட்டிருப்பவர்கள், சாவியோடு செலவு செய்யும் அதிகாரத்தையும் உள்ளூரில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். மழை இரவில் ஐரோப்பாவுக்கு வரும் வாட்ஸ்அப் செய்தியால் ஒரு வால்வைக்கூட மூட முடியாது.

அந்த மேஸ்திரி இப்போது இல்லை. அவர் மகன்தான் வருகிறார். போன புரட்டாசியில் கட்டைகளைத் தட்டியபோது எல்லாம் 'ணங்' என்றன. தெற்குச் சுவரில் மட்டும் ஒரு அரசங்கன்று, இரண்டு இலை. பிடுங்கிப் பொந்தை அடைத்தோம்.

இதை எழுதும் இன்று வீட்டுப் பங்குக் கணக்கில் 1,38,000 ரூபாய் இருக்கிறது. அட்வான்ஸ் டெபாசிட் தனி. இரண்டிலும் ஒரு ரூபாய்கூட என்னுடையது இல்லை.